ரேகைச் சட்டம் கண்ட மண்ணில் முகம் படிக்கும் கேமரா

மதுரையிலிருந்து திண்டுக்கல் சாலையில் பரவையைத் தாண்டினால் சமயநல்லூர். கன்னியாகுமரிப் பக்கம் போகிற லாரிகளும் கார்களும் மதுரை நகருக்குள் நுழையாமல் கப்பலூருக்குத் திரும்பிக்கொள்ளும் புறவழிச் சாலை இங்கிருந்துதான் பிரிகிறது. வடக்கே கொடைரோட்டில் ஒரு டோல்கேட், தெற்கே கப்பலூரில் ஒன்று. இந்த இரண்டையும் ஒரே நாளில் கடந்து வருகிற ஒருவரின் கார் எந்த நேரத்தில், எந்தத் தடத்தில் போனது என்பது வங்கிக் கணக்கில் கழிந்த தொகையோடு சேர்ந்து பதிவாகிவிடும். 2021 பிப்ரவரி 15 நள்ளிரவில் ஃபாஸ்டேக் கட்டாயமானபோது ஊரெல்லாம் பேசியது வரிசை குறையுமா, ஸ்டிக்கர் ஒட்டாத வண்டிக்கு இரட்டைக் கட்டணமா என்பதைப் பற்றி. கப்பலூர் டோல்கேட்டை எதிர்த்துத் திருமங்கலத்துக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். அந்தப் போராட்டமும் உள்ளூர் வண்டிக்குக் கட்டண விலக்கு வேண்டும் என்பதைச் சுற்றியே நடந்தது. வண்டி போன தடத்தை யார் எத்தனை காலம் வைத்திருக்கிறார்கள் என்பது யாருக்கும் அவசரக் கேள்வியாகப் படவில்லை.

மதுரை 2016 செப்டம்பரில் பொலிவுறு நகரத் திட்டத்தில் சேர்ந்தது. அந்தப் பணம் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிய தெருக்கள், பெரியார் பேருந்து நிலையம், வைகைக் கரை என்று மாநகராட்சி எல்லைக்குள்ளேயே செலவானது. திட்டத்தில் இடம்பெற்ற 100 நகரங்களிலும் ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு மையங்கள் இயங்குவதாக ஒன்றிய அரசு சொல்கிறது. தெருவிளக்கு, குப்பை வண்டி, போக்குவரத்து, கேமரா எல்லாவற்றின் தகவலும் ஒரே அறையின் திரைகளுக்கு வரவேண்டும் என்பதே இந்த மையங்களின் நோக்கம். சமயநல்லூர் அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. காவலும் மாநகரக் காவல் துறையிடம் இல்லை, மாவட்டக் காவல் துறையிடம் இருக்கிறது. ஆனாலும் கண்காணிப்பு இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது. அது சாலை வழியாக, டோல்கேட் வழியாக, கடைக்காரர்கள் வாசலில் மாட்டிய கேமரா வழியாக, நூறு நாள் வேலைத் தளத்தில் எடுக்கும் செல்போன் படத்தின் வழியாகத் துண்டுதுண்டாக வந்தது.

இந்தப் பக்கத்து மக்கள் கேமராவைக் கண்டு அஞ்சுகிறார்களா? தெருவில் கேட்டால் பெரும்பாலும் வருகிற பதில் நேர்மாறானது. சங்கிலிப் பறிப்பு நடந்த தெருவும் ஆடு திருடு போன கிராமமும் முதலில் கேட்பது கேமராதான். கேமரா என்று மாட்டிவைத்துவிட்டு அது வேலை செய்யாமல் கிடப்பதுதான் அவர்கள் குறை.

அந்த விருப்பத்துக்கு நியாயமான காரணம் இருக்கிறது. 2016 ஜூன் 24 அதிகாலையில் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில் இளம் பொறியாளர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அத்தனை கூட்டம் வந்துபோகும் நிலையத்தில் ஒரு கேமராகூட இல்லை. சந்தேக நபரின் உருவம் கிடைத்தது நிலையத்துக்கு வெளியே, பக்கத்துத் தெருவில் இருந்த கேமராவில். அதன் பிறகு ரயில் நிலையங்களுக்குக் கேமரா கேட்டு எழுந்த குரலில் அச்சத்தின் சாயல் இல்லை. ஏன் இத்தனை நாள் வைக்கவில்லை என்ற கோபம்தான் இருந்தது. பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களில் சிசிடிவி கட்டாயம் என்று தமிழ்நாடு அரசு 2012லேயே உள்ளாட்சி விதி கொண்டுவந்திருந்தது. 2017இல் சென்னை மாநகரக் காவல் ஆணையராக வந்த ஏ.கே.விசுவநாதன் 'மூன்றாவது கண்' என்ற பெயரில் அதை இயக்கமாக்கினார். ஐம்பது மீட்டருக்கு ஒரு கேமரா என்பது இலக்கு. வணிகர்களும் குடியிருப்போர் சங்கங்களும் செலவை ஏற்றுக்கொண்டார்கள்.

விளைவாகச் சென்னை உலகப் பட்டியலில் ஏறியது. சர்ஃப்ஷார்க் என்ற நிறுவனத்தின் கணக்கில் சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராக்களோடு உலகிலேயே முதலிடம். 2021இல் காம்பேரிடெக் என்ற இன்னொரு நிறுவனம் எண்ணியபோது சதுர மைலுக்கு 610. டெல்லி, லண்டனுக்கு அடுத்து மூன்றாம் இடம். சதுர மைலைச் சதுர கிலோமீட்டராக மாற்றினால் இரண்டாவது கணக்கு ஏறக்குறைய 235தான் வருகிறது. ஒரே ஊர், ஒரே காலகட்டம், கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். தனியார் சொத்தில் இருக்கும் கேமரா, காவல் துறையோடு இணைந்த கேமரா, கம்பத்தில் மட்டும் இருக்கும் செத்த கேமரா என்று பிரித்துச் சொல்லும் பொதுப் பதிவேடு ஒன்று இருந்தால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. எத்தனை கண்கள் என்பதையே இரண்டு வெளிநாட்டு நிறுவனங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலையில் நகரவாசி இருக்கிறார்.

கேமரா குற்றத்தைக் குறைக்கிறதா என்பதற்கு ஓரளவு நம்பத்தக்க பதில் உண்டு. எரிக் பீசா, பிராண்டன் வெல்ஷ், டேவிட் ஃபேரிங்டன் முதலானோர் நாற்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியிட்ட முடிவின்படி, கேமரா இருந்த பகுதிகளில் குற்றம் சராசரியாக 13 சதவீதம் குறைந்தது. வாகன நிறுத்துமிடங்களில் பலன் அதிகம். வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. வண்டித் திருடன் யோசிக்கிறான், கோபத்தில் அரிவாள் தூக்குகிறவன் யோசிப்பதில்லை. நடந்தபின் துப்புத் துலக்கக் கேமரா பெரிய உதவி என்பதை யாரும் மறுப்பதற்கில்லை. ஆனால் மாட்டும்போது சொல்லப்படுவது 'தடுக்கும்' என்ற வாக்குறுதி.

அப்படியானால் பயம் எங்கே இருக்கிறது? அது வதந்தியாக வெளிப்படுகிறது. 2016 நவம்பரில் புதிய இரண்டாயிரம் ரூபாய் நோட்டில் நானோ சிப் இருக்கிறது, மண்ணுக்கடியில் 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிடும் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் பரவி, செய்தித் தொலைக்காட்சிவரை போனது. பிரிட்டனில் 2020 ஏப்ரலில் கொரோனாவுக்குக் காரணம் 5ஜி என்று நம்பி செல்போன் கோபுரங்களுக்குத் தீ வைத்தார்கள். படித்தவர்கள் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். நோட்டில் சிப் இல்லைதான். ஆனால் அந்த வதந்திக்குள் இருந்த கணிப்பு, அதாவது பணம் போகும் வழி இனி அரசுக்குத் தெரியும் என்பது, சில ஆண்டுகளில் யுபிஐயும் ஃபாஸ்டேக்கும் வழியே வேறு உருவில் உண்மையாயிற்று. வதந்தியைக் கிளப்பியவனுக்குத் தொழில்நுட்பம் தெரியாது, அதிகாரம் எப்படி நடந்துகொள்ளும் என்பது தெரிந்திருந்தது.

ஹாங்காங் அனுபவம் இன்னும் கூர்மையானது. 2019 ஆகஸ்ட் 24 அன்று கவுலூன் விரிகுடாப் பகுதியில் போராட்டக்காரர்கள் புதிதாக நட்ட 'ஸ்மார்ட்' விளக்குக் கம்பத்தை ரம்பத்தால் அறுத்து, கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தார்கள். போக்குவரத்து, வானிலை, காற்று மாசு இவற்றை அளக்கவே கம்பம், முகமறியும் வசதி கிடையாது என்று அரசு சொன்னது. அது உண்மையாகவே இருந்திருக்கலாம். அந்த நேரத்தில் அதை நம்ப ஆளில்லை.

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் இந்த அவநம்பிக்கைக்கு நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. போலீஸ் ஸ்டேஷன் வருவதற்கு முன்பு இந்தப் பகுதிகளில் காவல் என்பது ஊருக்கும் காவல்காரருக்கும் இடையிலான ஒப்பந்தம். விளைச்சலில் ஒரு பங்கு காவல்கூலி. மாடு களவு போனால் கண்டுபிடித்துக் கொடுப்பதற்குத் துப்புக்கூலி. பிரமலைக் கள்ளர் சமூகத்தாரின் காவல் உரிமை இப்படிப்பட்டது. அதில் உரசல் இல்லாமல் இல்லை. 1896இல் திண்டுக்கல் பக்கத்தில் பல சாதியினர் சேர்ந்து பொதுவில் பணம் திரட்டித் தங்களுக்கு வேறு காவல்காரர்களை வைத்துக்கொண்டார்கள். திரட்டிய நிதியின் பெயரால் அதைப் 'பண்டு' என்றே அழைத்தார்கள். காவல்காரர்மீது நம்பிக்கை போனால் கூலியை நிறுத்தும் வழியாவது அந்த ஏற்பாட்டில் இருந்தது. இன்று வணிகர்கள் வசூல் செய்து கேமரா மாட்டும்போது பணம் அவர்களுடையது, பதிவின்மீது உரிமை யாருடையது என்பது எழுதப்படுவதே இல்லை.

பிரிட்டிஷ் அரசு இந்த ஒப்பந்தத்துக்குப் பதிலாகக் கொண்டுவந்தது பதிவேடு. 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911 திருத்தத்தின் மூலம் சென்னை மாகாணத்துக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர்கள்மீது பாய்ந்தது. எந்தக் குற்றமும் செய்யாதவராக இருந்தாலும் பிறப்பால் சந்தேக நபர். விரல் ரேகை கொடுக்க வேண்டும், இரவில் சொன்ன இடத்தில் ஆஜராக வேண்டும், ஊர் தாண்டினால் அனுமதிச் சீட்டு வேண்டும். மக்கள் வாயில் அதன் பெயர் 'ரேகைச் சட்டம்'. சட்டப் புத்தகத்தில் இருந்த 'குற்றம்' என்ற சொல்லை விட்டுவிட்டு உடலைப் பதிவு செய்த கருவியின் பெயரையே சட்டத்துக்கு வைத்தார்கள்.

1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி வட்டாரத்தில் உள்ள பெருங்காமநல்லூரில் ரேகை கொடுக்க மறுத்து ஊர் திரண்டது. போலீஸ் சுட்டது. ஒரு பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். கைதானவர்களைச் சங்கிலியில் பிணைத்துத் திருமங்கலத்துக்கு நடத்திச் சென்றார்கள். அன்று மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப், ரேகைச் சட்டத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்காக வாதாடினார். கள்ளர் நாட்டில் அவருக்கு 'ரோசாப்பூ துரை' என்று பெயர். சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் ஒழிந்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு துணைச் செய்தி: ரேகையைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் முறை லண்டனில் முதிர்ந்து இங்கே வந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். 1897இல் கல்கத்தாவில் ரேகைப் பதிவகம் தொடங்கியது. ஸ்காட்லாந்து யார்டு தன்னுடையதைத் தொடங்கியது 1901இல். ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கை உருவாக்கியதில் அசிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு இந்திய அதிகாரிகளுக்கு முக்கியப் பங்கு. பெயர் என்னவோ அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குப் போனது. ஆளப்பட்டவர்கள்மீது சோதித்துப் பார்த்த கருவிதான் பிறகு ஆண்டவர்களின் நாட்டுக்குப் போனது.

பெருங்காமநல்லூர் நடந்த அதே 1920இல்தான் கைதிகள் அடையாளச் சட்டமும் வந்தது. நூறு ஆண்டு கடந்து 2022இல் நாடாளுமன்றம் அதை நீக்கிவிட்டுக் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டத்தை நிறைவேற்றியது. விரல் ரேகையோடு கருவிழி, விழித்திரை, நடத்தைக் கூறுகள்வரை எடுக்கலாம். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் அவற்றை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். அதற்கு முந்தைய ஆண்டு, 2021 அக்டோபரில், தமிழ்நாடு காவல் துறைக்கான முகமறிதல் மென்பொருளை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்திருந்தார். அதைக் கொல்கத்தா சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. ரோந்துக் காவலர் செல்போனில் ஒருவரைப் படமெடுத்தால், குற்றவாளிகள், காணாமல் போனவர்கள் படத் தொகுப்போடு ஒப்பிட்டுச் சொல்லும். ரேகை எடுக்க ஆளைப் பிடித்து உட்கார வைத்து விரலில் மை தடவ வேண்டும். அவருக்குத் தெரியாமல் அது நடக்காது. முகம் எடுப்பதற்கு அவர் தெருவில் நடந்தாலே போதும். பெருங்காமநல்லூரில் மறுப்பதற்கு ஒரு கணம் இருந்தது. அந்தக் கணம் இப்போது இல்லை.

2024 மே மாதம் இந்த மென்பொருள் தளத்தின் தகவல்கள் கசிந்ததாகச் செய்தி வந்தது. நிர்வாகி கணக்கு ஒன்றின் கடவுச்சொல் வெளியேறியிருப்பதாகக் காவல் துறை ஒப்புக்கொண்டது. மற்றவர்களைக் கண்காணிக்கும் தளத்தைக் கண்காணிக்கத் தவறிய கதை அது.

பொருத்தம் என்று கருவி சொல்வது எவ்வளவு தூரம் பொருத்தம்? டெல்லி காவல் துறை 80 சதவீத ஒற்றுமை வந்தால் அதைப் பொருத்தமாக எடுத்துக்கொள்வதாக, இணைய சுதந்திர அறக்கட்டளை தகவல் உரிமைச் சட்டத்தில் பெற்ற பதில் 2022இல் வெளியானது. அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற கறுப்பினத்தவரைக் கருவி காட்டிய தவறான பொருத்தத்தை நம்பி, வீட்டு வாசலில் மனைவி குழந்தைகள் பார்க்க 2020 ஜனவரியில் கைது செய்தார்கள். ஹைதராபாத்தில் 2021இல் சாலையில் நிறுத்தி முகக்கவசத்தை அகற்றச் சொல்லிப் படமெடுத்ததை எதிர்த்து எஸ்.க்யூ.மசூத் என்ற சமூக ஆர்வலர் தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். முகமறிதலை எதிர்த்து இந்தியாவில் தொடுக்கப்பட்ட முதல் வழக்காக அது பேசப்படுகிறது.

தவறான ஆளைப் பிடிப்பது ஒரு ஆபத்து. சரியான படம் தவறான கைக்குப் போவது இன்னொன்று. கேரளம் 2023இல் 726 'ஏஐ' கேமராக்களைச் சாலைகளில் வைத்தது. தொடங்கிய சில வாரங்களிலேயே திருவனந்தபுரத்தில் ஒருவர் ஹெல்மெட் இல்லாமல் ஸ்கூட்டரில் போன படம் அபராத நோட்டீசோடு வந்தது. வண்டி மனைவி பெயரில் இருந்ததால் படமும் மனைவிக்கே போனது. பின்னால் உட்கார்ந்திருந்தது வேறொரு பெண். சண்டை அடிதடியாகி, கணவர் கைதாகும்வரை போனது. செய்தியைப் படித்தவர்கள் சிரித்தார்கள். மனைவியை அடித்தவருக்காக யாரும் இரக்கப்பட வேண்டியதில்லை. ஆனால் பின்னால் உட்கார்ந்துபோன அந்தப் பெண் எந்த விதியையும் தெரிந்து மீறாதவராக இருக்கலாம், யாராகவும் இருக்கலாம். அவர் முகம் ஏன் அந்த நோட்டீசுக்குள் போனது என்று கேட்டவர்கள் குறைவு. 2025 தொடக்கத்தில் குஜராத்தின் ராஜ்கோட்டில் மகப்பேறு மருத்துவமனை ஒன்றின் கேமராப் பதிவுகள் திருடப்பட்டு டெலிகிராமில் விற்பனைக்கு வந்தபோது சிரிப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. அரசு நிறுவனங்களில் இருக்கும் கேமராக்களில் சுமார் 10 லட்சம் சீன நிறுவனங்களுடையவை என்று ஒன்றிய அரசே 2021இல் மக்களவையில் சொன்னது. கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் கட்டாயமானது 2025 ஏப்ரலில்தான்.

ஒரு வேலைக்கு வைத்தது இன்னொரு வேலைக்குப் போவதற்கு அமெரிக்காவின் சான் டியாகோ நல்ல பாடம். மின்சாரம் மிச்சமாகும், போக்குவரத்தை எண்ணலாம் என்று சொல்லி 2016இல் நகர மன்றத்தில் ஒப்புதல் வாங்கி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தெருவிளக்குக் கம்பங்களில் உணரிகளைப் பொருத்தினார்கள். அவற்றில் கேமராவும் இருந்தது. 2018இல் ஒரு கொலை வழக்கில் காவல் துறை அந்தப் பதிவைக் கேட்டு வாங்கியது. பிறகு அதுவே பழக்கமாயிற்று. தாங்கள் ஒப்புதல் கொடுத்தது எதற்கு என்பதே மன்ற உறுப்பினர்கள் பலருக்குப் பின்னால்தான் தெரிந்தது. எதிர்ப்பு வலுத்து 2020 செப்டம்பரில் மேயர் கேமராக்களை அணைக்க உத்தரவிட்டார். 2022இல் கண்காணிப்புக் கருவிகளுக்கென்று நகரச் சட்டம் வந்தது. 2023இல் 500 கம்பங்களுக்கு மறுபடி ஒப்புதல் கிடைத்தது. இந்தத் தடவை வண்டி எண்ணைப் படிக்கும் கருவியும் சேர்ந்தது. அங்கே விவாதம் பொதுவில் நடந்தது, மன்றம் வாக்களித்தது என்பதுதான் முக்கியம். தமிழ்நாட்டில் ஒரு மாமன்றக் கூட்டத்தில் கேமரா பற்றிப் பேச்சு வந்தால் அது பெரும்பாலும் 'என் வார்டுக்கு எப்போது' என்பதாக இருக்கும்.

கண்காணிப்பின் எடை எல்லார் தலையிலும் ஒரே மாதிரி இறங்குவதில்லை. காமன் காஸ் அமைப்பும் லோக்நிதி-சிஎஸ்டிஎஸ் நிறுவனமும் 2023இல் வெளியிட்ட இந்தியக் காவல் நிலவர அறிக்கை, சிசிடிவிக்கு மக்களிடம் பரவலான ஆதரவு இருப்பதைக் காட்டியது. கூடவே ஏழைகளிடம் அந்த ஆதரவு மற்றவர்களைவிடக் குறைவு என்பதையும், அரசு மாட்டும் கேமராக்கள் வசதியானவர்கள் வாழும் இடங்களைவிடக் குடிசைப் பகுதிகளில் அதிகம் என்பதையும் பதிவு செய்தது. பணக்காரர் வீட்டுக் கேமரா வாசலைப் பார்த்து, வருகிறவரை நோட்டம் விடுகிறது. ஏழையின் தெருவில் இருக்கும் கேமரா அங்கே குடியிருப்பவரையே பார்க்கிறது. சண்டிகரிலும் நாக்பூரிலும் தூய்மைப் பணியாளர்களின் மணிக்கட்டில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டினார்கள். அதைக் கட்டச் சொன்ன அதிகாரிகளின் கையில் அது இல்லை.

சமயநல்லூரைச் சுற்றிய ஊராட்சிகளுக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் நூறு நாள் வேலை. 2023 ஜனவரி 1 முதல் வேலைத் தளத்தில் ஒரு நாளைக்கு இரண்டு முறை தொழிலாளர்களைச் செயலியில் படமெடுத்து, இடக்குறியோடு பதிவேற்றுவது கட்டாயமாக்கப்பட்டது. நெட்வொர்க் கிடைக்காத கண்மாய்க் கரையில் படம் ஏறாவிட்டால் வேலை பார்த்தவர்தான் கூலியை இழந்தார். மோசடி செய்கிறவர் வழி கண்டுபிடித்துவிட்டார். சம்பந்தமே இல்லாத படங்களும், படத்தையே படமெடுத்து ஏற்றியவையும் நாடு முழுவதும் குவிந்து கிடப்பதாக 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை அனுப்பியது. ஆகக் கடைசியில் கருவிக்குக் கட்டுப்பட்டவர் வெயிலில் இரண்டாவது படத்துக்காகக் காத்திருந்த பாட்டி மட்டும்தான்.

இத்தனையும் சொன்ன பிறகும், மதுரைக்காரர் பார்க்கப்படுவதையே வெறுக்கிறார் என்று சொல்ல முடியாது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் எந்த மண்டபத்தில் இருக்கிறார் என்று ஜிபிஎஸ் மூலம் காட்ட 'டிராக் அழகர்' என்ற செயலியை மாவட்டக் காவல் துறை வெளியிட்டபோது பக்தர்கள் அதைக் கொண்டாடினார்கள். சாமியைப் பின்தொடர்வது சனம். செயலி எல்லார் கையிலும் இருக்கிறது. மீனாட்சி அம்மன் கோயிலில் நிலைமை வேறு. 2018 பிப்ரவரித் தீ விபத்துக்குப் பின் உயர் நீதிமன்ற உத்தரவால் மார்ச் முதல் பக்தர்கள் செல்போனை வாசலிலேயே ஒப்படைத்துவிட்டுப் போகிறார்கள். பாதுகாப்புக்காக எடுத்த முடிவு, பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டதும்கூட. ஆனால் உள்ளே ஏதாவது நடந்தால் பதிவு இருப்பது ஒரே ஒரு தரப்பிடம்தான்.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சாத்தான்குளம் காட்டியது. 2020 ஜூன் 19 அன்று செல்போன் கடை நடத்திய தந்தையையும் மகனையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். 22, 23 தேதிகளில் அடுத்தடுத்து இருவரும் இறந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அனுப்பிய நீதித்துறை நடுவர் பாரதிதாசன் ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்தார். கேமரா இருந்தது. ஹார்ட் டிஸ்க்கில் 1 டெராபைட் இடமும் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி அமைப்பு மாற்றப்பட்டிருந்தது, 19ஆம் தேதிப் பதிவு இல்லை என்று அவர் அறிக்கை அளித்தார். காவல் நிலையத்தையே வருவாய்த் துறை கையில் எடுத்துக்கொள்ளும்படி நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. தெருக் கேமராவைப் பார்த்து யாரும் பயப்படத் தேவையில்லை என்று சொல்கிறவர்கள் இந்த ஹார்ட் டிஸ்க்கைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இதன் மறுபக்கம் 2025 ஜூனில் மதுரைக்குப் பக்கத்திலேயே, திருப்புவனம் மடப்புரத்தில் தெரிந்தது. பத்ரகாளியம்மன் கோயில் காவலாளி ஒருவர் போலீஸ் விசாரணையில் இறந்தார். அவர் அடிக்கப்பட்ட காட்சி வெளியுலகத்துக்குத் தெரிந்தது அரசு மாட்டிய எந்தக் கேமராவாலும் அல்ல. ஒளிந்திருந்து ஒருவர் தன் செல்போனில் எடுத்த வீடியோதான் மதுரைக் கிளையின் முன் வந்தது. நீதிமன்றம் நீதி விசாரணைக்கு உத்தரவிட்டது. வழக்கு சிபிஐக்குப் போனது.

சட்டம் இதற்கெல்லாம் என்ன சொல்கிறது? 1962இல் கரக் சிங் வழக்கில், ஒருவர் வீட்டுக் கதவைப் போலீஸ் இரவில் தட்டிச் சோதிப்பது தவறு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஏற்கவில்லை. 1994இல் நக்கீரன் வாரஇதழ் தொடர்பான வழக்கில், தனித்து விடப்படுவதற்கு ஒருவருக்கு உள்ள உரிமையைப் பேசியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அரசு அதில் தலையிட வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நோக்கம் நியாயமாக இருக்க வேண்டும், தேவைக்கு மீறாமல் இருக்க வேண்டும். முகமறிதலுக்கென்று தனிச் சட்டம் இன்றுவரை கிடையாது. 2023இல் வந்த எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பொது ஒழுங்கு, பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக எந்த அரசு அமைப்பையும் விலக்கி வைக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்குக் கொடுக்கிறது. அதே சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் திருத்தியது. தனிநபர் தகவலாக இருந்தாலும் பொதுநலன் இருந்தால் தரலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்த வாசகம் போய்விட்டது. பொதுநலனுக்கான பொது விதியொன்று சட்டத்தின் வேறு பிரிவில் மிஞ்சியிருக்கிறது என்றாலும், இனி மறுப்பது அதிகாரிக்கு எளிது. குடிமகனின் தரவைக் காக்க வந்த சட்டம் குடிமகன் கேள்வி கேட்கும் சன்னலை ஒரு கை சாத்தியது.

சமயநல்லூர்க்காரர் ஒருவர் தன் தெருக் கம்பத்துக் கேமராவைப் பற்றிக் கேட்கக்கூடிய கேள்விகள் எளிமையானவை. யார் மாட்டியது? பதிவு எத்தனை நாள் இருக்கும்? யார் கேட்டால் கொடுப்பார்கள்? கொடுத்ததற்குக் கணக்கு உண்டா? முகமறிதலோடு இணைந்ததா? தவறாகப் பொருந்தினால் யாரிடம் முறையிடுவது? மோட்டார் வாகன விதிகளில் ஓரளவு முன்மாதிரி இருக்கிறது. 2021இல் சேர்த்த 167ஏ விதி, அபராதம் போடும் கேமராவுக்குத் தரச் சான்று வேண்டும் என்றும், கேமரா இருப்பதைத் தெரிவிக்கும் பலகை வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஹெல்மெட் அபராதத்துக்கு இருக்கிற இந்தக் குறைந்தபட்ச ஒழுங்குகூட, ஆளையே அடையாளம் காட்டும் கேமராவுக்கு இல்லை.

நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு பதிவாகும், இரவிலும் தெரியும் கேமராக்கள் வேண்டும், பதிவுகளை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சாத்தான்குளம் நடந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை அப்போது. 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றம் ஒரு நாளிதழ்ச் செய்தியைப் பார்த்துத் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அந்தச் செய்தியின்படி ராஜஸ்தானில் அந்த ஆண்டின் முதல் எட்டு மாதங்களில் காவலில் இருந்த 11 பேர் இறந்திருந்தார்கள். காவல் நிலையக் கேமராக்கள் வேலை செய்யாதது பற்றிய அந்த வழக்கில், ஐந்து ஆண்டுக்கு முன் தான் போட்ட உத்தரவு என்ன ஆயிற்று என்று அரசுகளிடம் அது மறுபடி கேட்க வேண்டியிருந்தது.